சோறு எங்கை?

எங்கட சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ எண்டு செயலாளர் வாட்சப்பில மூண்டு தரம் கேட்டிட்டார், ஸ்போர்ட்ஸ் மீட், கன்ரீன் வடை எல்லாம் போன மலரிலயே ஆக்கள் எழுதி முடிச்சாச்சு, அதால நான் எங்கட ஹிஸ்டரி சேரைப் பற்றி எழுதுறன்.

ஏஎல் (உயர்தர) வகுப்பில ஐரோப்பிய வரலாறு. அதில சார்ட்டிஸ்டுகள் எண்ட பிரிட்டன் தொழிலாளர் இயக்கம் கேட்ட ஆறு கோரிக்கை. ஆம்பிளையள் எல்லாருக்கும் வோட்டு, ரகசிய வாக்கு, சொத்துத் தகுதி வேண்டாம் எண்டு அஞ்சைப் பாடமாக்கிடுவன், எம்பிமாருக்குச் சம்பளம் எண்டது மட்டும் ஒவ்வொரு டெஸ்டிலயும் விட்டுப்போகும். சேர் சிவப்புப் பேனையால வட்டம் போட்டு "சோறு எங்கை?" எண்டு எழுதி விடுவார். சத்தியமா விளங்கேல்லை, எம்பி எண்டா காசுக்காரன்தானே, அவனுக்கு என்னத்துக்குச் சம்பளம்?

விளங்கினது மெல்பேர்ண் வந்து கனகாலத்துக்குப் பிறகு. ரசல் ஸ்ட்ரீட்டும் விக்டோரியா ஸ்ட்ரீட்டும் சந்திக்கிற முனையில, ட்ரேட்ஸ் ஹோல் எண்ட தொழிற்சங்கக் கட்டிடத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு தூண், உச்சியில மூண்டு எட்டு: வேலைக்கு, பொழுதுபோக்குக்கு, ஓய்வுக்கு எட்டெட்டு மணித்தியாலம். 1856ல கல்லு மேசன்மார் எட்டு மணித்தியால வேலை வாங்கின ஞாபகம். அந்த இயக்கத்தில முன்னுக்கு நிண்டவர் சார்ல்ஸ் ஜார்டின் டொன், ஸ்கொட்லாந்தில தறி நெய்த ஆள், அங்கயே சார்ட்டிஸ்ட், 1853ல இஞ்ச வந்து மேசனானவர். 1859ல கொலிங்வூட்டில எலெக்சன் கேட்டு வெண்டு விக்டோரியா சட்டசபைக்குள்ள போயிட்டார். பிரிட்டனில முதல் தொழிலாளி எம்பிமாரில ஒருத்தரான சுரங்கத் தொழிலாளி தோமஸ் பேர்ட் வெண்டது 1874லதான் பாருங்கோ.

இஞ்ச ரகசிய வாக்கு 1856லயே வந்திட்டுது, அந்தச் சபைக்குச் சொத்துத் தகுதி 1857ல இல்லாமப் போச்சு, ஆம்பிளையள் ஆரும் கேக்கலாம், வெல்லலாம், ஆனா சம்பளம் இல்லை. டொன்னுக்குப் பகல்ல உளியும் சுத்தியலும், பிறகு தூசியைத் தட்டிப்போட்டு சபை. எத்தினை நாளைக்கு ஏலும்? 1864ல சீட் போச்சு, 1866ல ஆளும் செத்துப்போனார். உறுப்பினருக்கு வருஷம் 300 பவுண் எண்டு சட்டம் வந்தது 1870ல. 1889ல ரிச்மண்டில சப்பாத்துத் தைக்கிற ட்ரென்வித் வெல்லேக்க அவருக்கு அந்தச் சோத்துக் கவலை இல்லை. பிரிட்டனில 1911 மட்டும் இழுத்தடிச்சாங்கள், பேர்ட்டுக்கு அவரிட சங்கத்து ஆக்கள்தான் காசு சேர்த்துக் குடுத்தது.

நானும் நாலு வருஷமா இந்தச் சங்கத்துக்குப் பொருளாளர். போன ஏஜிஎம்முக்கு (வருடாந்தப் பொதுக்கூட்டம்) நைட் ஷிப்ட் முடிச்சு நேர வந்து மேடைக் கதிரையில நித்திரை கொண்டிட்டன், அந்தப் போட்டோவும் இந்த மலரில வருதாம், அதைப் போடவேண்டாம் எண்டா செயலாளர் சிரிக்கிறார்.