விடத் தெரிந்த கை

ஏப்ரல் கடைசியில் ஒரு மத்தியானம். டெக்கர்ஸ் பக்கம் சவுத் பிளாட் ஆற்றில் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். அமெரிக்காவின் கொலராடோவில், டென்வரிலிருந்து மலைப்பாதையில் ஒன்றேகால் மணி நேரம். வானம் மூடியிருந்தது, லேசாகப் பனித்தூறல். எதிர்க்கரையில் ஒரு பாறை, அதற்குப் பின்னால் தண்ணீர் மெதுவாகச் சுற்றுகிற ஒரு இடம், அங்கே ஒரு ட்ரவுட் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை மூக்கை மட்டும் வெளியே காட்டி எதையோ உறிஞ்சிவிட்டுக் கீழே போய்க்கொண்டிருந்தது. என் ஃப்ளை, அதாவது முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செய்த பொய்ப் பூச்சி, சரியாக அதன் தலைக்கு ஒரு முழம் மேல்நீரில் விழுந்தது. மீன் எழும்பி வந்தது, பார்த்தது, திரும்பிப் போய்விட்டது.

பக்கத்தில் நின்ற பெரியவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "டிராக்."

எனக்கு ஃப்ளை வீசக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான், எழுபதைத் தாண்டியவர். ஆற்றில் இருக்கும் வரை அவர் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் இரண்டே வார்த்தைகள், டிராக், டிரிஃப்ட். டிராக் என்றால் தப்பு, டிரிஃப்ட் என்றால் சரி. எனக்கோ இந்த இரண்டு வார்த்தையும் இருபது வருஷமாகத் தெரியும், ஆனால் திருச்சி ஹாஸ்டலில் ஒரு கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்து தெரிந்துகொண்ட வேறு அர்த்தத்தில். அந்த மத்தியானம்தான் இரண்டும் எனக்குள் ஒன்றோடொன்று உரச ஆரம்பித்தன, அதைத்தான் எழுதப் பார்க்கிறேன். (தமிழில் எழுதினால் பந்தயம் ஓடும் பாதையும் டிராக், இழுவையும் டிராக். குழப்பம் வேண்டாம், பாதையைத் தடம் என்றே எழுதுகிறேன்.)

முதலில் ஆற்றில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஆறு முழுக்க ஒரே வேகத்தில் ஓடாது. நடுவில் வேகம், கரையோரம் மெதுவு, பாறைக்குப் பின்னால் கிட்டத்தட்ட நின்றே விடும். நான் இந்தக் கரையிலிருந்து வீசுகிறேன், ஃப்ளை அந்தக் கரையின் மெதுவான தண்ணீரில் விழுகிறது, ஆனால் இரண்டுக்கும் நடுவே லைன் கிடப்பது வேகமான தண்ணீரில். அந்த வேகம் லைனின் நடுப்பகுதியை வில்லாக வளைத்துக் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டு போகும், வளைவு இறுக இறுக நுனியில் இருக்கும் ஃப்ளையையும் தன்னோடு இழுக்கும். அவ்வளவுதான், அதற்குப் பேர்தான் டிராக். பக்கத்தில் மிதந்து வருகிற நிஜப் பூச்சிகள் எல்லாம் தண்ணீரோடு தண்ணீராகப் போகும்போது இது மட்டும் பின்னால் ஒரு சின்ன கோடு கிழித்துக்கொண்டு குறுக்கே ஓடும். சில சமயம் அந்தக் கோடு நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, ஆனால் மீனுக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கு நான் கட்டியிருந்தது அரை அரிசி நீளமுள்ள ஃப்ளை, அதைத் தாங்கும் டிப்பெட், அதாவது லைனின் நுனியில் கட்டும் மெல்லிய இழை, 0.13 மில்லிமீட்டர் தடிமன். ஊரில் கெண்டைக்குத் தூண்டில் போடும்போது தக்கை ஆடுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும், முள்ளில் மண்புழு இருக்கிறது, மீனுக்கு வாசனை தெரியும், தானாக வரும். இங்கே வாசனையும் கிடையாது, ருசியும் கிடையாது. இறகும் நூலும்தான். அது நகர்கிற விதம் ஒன்றுதான் மீனுக்கு நாம் காட்டுகிற அத்தாட்சி.

இதற்கு வைத்தியம் மெண்ட் என்பார்கள். லைன் தண்ணீரில் விழுந்ததும் கோலின் நுனியால் லைனின் நடுப்பகுதியை மட்டும் மெல்லத் தூக்கி மேல்நீர் பக்கம் மடித்துப் போடுவது. இப்போது ஆறு முதலில் அந்த மடிப்பை நிமிர்த்த வேண்டும், அப்புறம்தான் இழுக்க முடியும். அதற்குள் நமக்கு இரண்டு மூன்று விநாடி கிடைக்கும். அந்த இரண்டு மூன்று விநாடி ஃப்ளை யாருடைய கையிலும் இல்லை, தண்ணீர் கையில் இருக்கிறது. அதுதான் டிரிஃப்ட். நான் செய்துகொண்டிருந்த தப்பு என்னவென்றால், கோடு கிழிவதைப் பார்த்த பிறகு மெண்ட் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் மீன் முடிவெடுத்துவிடும். விழுந்த உடனே, எதுவும் கெட்டுப்போவதற்கு முன்னாலேயே தளர்வு கொடுக்க வேண்டும் என்று பெரியவர் சொல்லிச் சொல்லிக் காட்டினார். இன்னும் நன்றாக வீசத் தெரிந்தவர்கள் லைன் காற்றில் இருக்கும்போதே கோலை மேல்நீர் பக்கம் சாய்த்து, விழும்போதே மடிப்போடு விழ வைப்பார்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது ஹாஸ்டல் ஞாபகம் வந்துவிட்டது.

2003-இல் வந்தது நீட் ஃபார் ஸ்பீட் அண்டர்கிரவுண்ட் என்ற கார்ப் பந்தய விளையாட்டு. எங்கள் விங்கில் ஒரே ஒரு கணினி, பதினோரு பேர், முறை வைத்து ஆடுவோம். அதில் டிராக் பந்தயம் தனி, டிரிஃப்ட் பந்தயம் தனி. டிராக்கில் வண்டி தானாகவே கோட்டில் ஓடும், நம் வேலை கியர் மாற்றுவதும் லேன் தாவுவதும்தான், எஞ்சின் வேகம் காட்டும் முள் சரியான இடத்துக்கு வரும் நொடியில் மாற்றாமல் விட்டால் போச்சு, கடைசி வரை பிடிக்க முடியாது. நான் அதில் கெட்டிக்காரன். டிரிஃப்ட்டில் எத்தனை அழகாகச் சறுக்குகிறோம் என்பதற்குத்தான் புள்ளிகள், அதில் எனக்கு வண்டி சுற்றிக்கொண்டு சுவரில் போய் நிற்கும். கீபோர்டில் ஒன்று முழு இடது, இல்லையென்றால் முழு வலது, நடுவில் ஒன்றும் கிடையாது. வண்டியின் பின்பக்கம் விலக ஆரம்பித்ததும் பயத்தில் எதிர்ப்பக்கக் கீயை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருப்பேன். என் அறைத்தோழன் பின்னால் நின்று கத்துவான், "கீயை விடுடா மாப்ள, விட்டுவிட்டுத் தட்டு, நசுக்காதே!" அவன் தட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், மிருதங்கத்தின் வலந்தலையில் விரல் ஓடுவது மாதிரி இருக்கும், விரல் கீயில் இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம்.

அவன் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்று பல வருஷம் கழித்து, நிஜ வண்டி மாதிரியே கையில் எதிர்விசை காட்டும் ஒரு கணினி ஸ்டியரிங் வாங்கி அசெட்டோ கோர்சா என்ற பந்தய விளையாட்டை ஓட்ட ஆரம்பித்தபோதுதான் புரிந்தது. டிரிஃப்ட் என்றால் வண்டி மூக்கு ஒரு பக்கம் பார்க்கும், வண்டி போவது வேறு பக்கம். பின்சக்கரங்கள் சாலைப் பிடியை விட்டுவிட்டுச் சறுக்கும், முன்சக்கரங்கள் வளைவுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஓட்டுநர் மல்லுக்கட்டி ஸ்டியரிங்கைத் திருப்புகிறார் என்றுதான் தோன்றும். உண்மையில் முன்சக்கரங்களைப் பொருத்தியிருக்கும் சாய்வினால், பின்பக்கம் விலகியதும் அவை தாமாகவே வண்டி போகும் திசைக்குத் திரும்பிக்கொள்ளப் பார்க்கும். அனுபவசாலிகள் ஸ்டியரிங்கை உள்ளங்கைக்குள் ஓட விட்டு, சரியான கோணம் வந்ததும் பிடித்துக்கொள்வார்கள். இடது வளைவிலிருந்து வலது வளைவுக்கு மாறும்போது ஸ்டியரிங் சர்ரென்று தானாகச் சுற்றும், அந்த ஒரு கணம் கை அதைத் தொட்டும் தொடாமல் இருக்கும். நான் முதல் மாதம் முழுக்க அதை இறுக்கிப் பிடித்துத் தோளில் வலி வந்ததுதான் மிச்சம். ஒரு ராத்திரி களைப்பில் கை தளர்ந்தபோது வண்டி அழகாக எதிர்ப்பக்கம் மாறியது. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இந்த வித்தை பிறந்தது ஜப்பானில். 1970-களில் குனிமிட்சு தகஹாஷி என்ற பந்தய வீரர் வளைவுகளில் வேகத்தை விட்டுக்கொடுக்காமல் இருக்க வண்டியைச் சறுக்க விட்டார், அதைப் பார்த்து வளர்ந்த கெய்ச்சி சுசியா மலைப்பாதைகளில் பழகி அதைத் தனிக் கலையாகவே ஆக்கிவிட்டார், டிரிஃப்ட் கிங் என்றே பேர். அவர் பேரோடு சேர்ந்தே சொல்லப்படும் டொயோட்டா ஏஇ86 ஆயிரம் கிலோகூட இல்லாத எளிய வண்டி, எஞ்சின் சக்தியும் பெரிதாக ஒன்றுமில்லை. பிறகு டிரிஃப்ட்டுக்கென்றே போட்டிகள் வந்தன, 2001-இல் டி1 கிராண்ட் பிரீ, 2004-இல் அமெரிக்காவில் ஃபார்முலா டிரிஃப்ட். அங்கே யார் முதலில் வந்தார் என்ற கேள்வியே இல்லை, எந்தக் கோட்டில் போனாய், எவ்வளவு கோணம், எந்த நடையில் என்று நடுவர்கள் பார்ப்பார்கள். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஓடிக் கடப்பதைவிட ஓடுகிற விதத்துக்கு மதிப்பெண் கொடுக்கும் மோட்டார் பந்தயம் எத்தனை இருக்கிறது?

டிராக் பந்தயத்தைப் பற்றி ரொம்ப நாள் எனக்கு ஒரு தப்பான அபிப்பிராயம் இருந்தது. நேர்கோடு, கால் மைல், அதாவது 402 மீட்டர், அமுக்கினால் போகிறது, இதில் கைக்கு என்ன வேலை என்று. 2023 ஜூலையில் டென்வர் பக்கத்தில் இருந்த பேண்டிமியர் தடத்தில் கடைசி மைல்-ஹை நேஷனல்ஸ் டிராக் பந்தயம் நடந்தது. 1958-இலிருந்து ஓடிய தடம், அந்த வருஷத்தோடு மூடிவிட்டார்கள். மூடப்போகிறார்கள் என்பதற்காகவே போனேன். டிராக் பந்தயத்தில் மிக வேகமான வகையான டாப் ஃப்யூயல் வண்டி கிளம்பும்போது சத்தம் காதுக்கு வருவதில்லை, நெஞ்செலும்புக்கு வருகிறது. காதில் பஞ்சு, மேலே ஹெட்செட், அப்படியும். அதன் எரிபொருளான நைட்ரோமீத்தேனின் புகையில் கண் எரிந்து கண்ணீர் கொட்டியது. அந்த வகை வண்டிகள் 2008-க்குப் பிறகு கால் மைல் ஓடுவதில்லை, ஸ்காட் கலிட்டா என்ற வீரர் அந்த வருஷம் விபத்தில் இறந்ததும் தூரத்தை ஆயிரம் அடியாகக் குறைத்தார்கள். அதை நான்கு விநாடிக்குள் முடித்துவிடுகின்றன.

ஆனால் நான் அன்றைக்கு அதிக நேரம் பார்த்தது சின்ன வண்டிகளை. கிளம்பும் கோட்டில் கிறிஸ்துமஸ் ட்ரீ என்று ஒரு விளக்குக் கம்பம். மூன்று மஞ்சள் விளக்குகள் அரை விநாடிக்கு ஒன்றாக இறங்கி வந்து, பிறகு பச்சை. பச்சையைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவன் தோற்றவன். மூன்றாவது மஞ்சள் மினுங்கும்போதே கிளம்பிவிட வேண்டும், வண்டி அசைவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு. ஒரு கூடாரத்தில் தன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் எதை அமுக்கிக் கிளம்புவீர்கள் என்று கேட்டேன். அமுக்குவதில்லை, விடுவேன் என்றார். கியர் பெட்டியைப் பூட்டி வைக்கும் ஒரு பொத்தான் ஸ்டியரிங்கில் இருக்கிறது, எஞ்சின் கர்ஜித்துக்கொண்டிருக்க விரல் அதை அமுக்கிப் பிடித்திருக்கும், விரலை எடுத்த மாத்திரத்தில் வண்டி பாயும். அவர் தன் கட்டைவிரலை எனக்கு நீட்டிக் காட்டினார். நகம் கறுத்த, எண்ணெய் ஊறிய விரல். அந்த விரல் ஆயிரத்தில் எத்தனை பங்கு விநாடி முன்னால் எழும்புகிறது என்பதில்தான் அவருடைய சனிக்கிழமை மொத்தமும் இருக்கிறது.

அந்தப் பந்தயத்தின் பெயருக்கும் காற்றின் இழுவைக்கும் சம்பந்தமில்லை, ஊர் நடுவே ஓடும் பெரிய வீதியை அமெரிக்காவில் மெயின் டிராக் என்பார்கள், அதிலிருந்து வந்தது என்று ஒரு பேச்சு உண்டு. ஆனால் நிஜமான காற்றிழுவை அங்கே இல்லாமல் போகுமா? வேகம் இரட்டித்தால் இழுவை நான்கு மடங்கு. பேண்டிமியர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 5,800 அடி உயரம், காற்று மெலிசு, இழுவை குறைவு, ஆனால் எஞ்சின் மூச்சுக்கும் அதே மெலிந்த காற்றுதான். குறைந்த இழுவையில் கிடைப்பதைவிட எஞ்சின் இழப்பது அதிகம் என்பதால் அங்கே எல்லோருக்கும் நேரம் கொஞ்சம் கூடுதலாகத்தான் வந்தது. கடைசியில் வண்டியை நிறுத்துவதற்குப் பின்னாலிருந்து பாராசூட் விரியும். வேண்டுமென்றே வரவழைக்கும் இழுவை.

தூண்டிலிலும் அப்படி வேண்டி வரவழைக்கும் டிராக் ஒன்று இருக்கிறது, அதில்தான் போன வருஷம் அடிபட்டேன். ரீலுக்குள் இருக்கும் பிரேக்குக்கும் டிராக் என்றே பேர். மீன் ஓடும்போது லைனை எவ்வளவு இறுக்கத்தோடு விட வேண்டும் என்பதை அதன் திருகுதான் தீர்மானிக்கும். அக்டோபரில், இதே ஆற்றில், கொஞ்சம் மேலே சீஸ்மன் கேன்யனுக்குள், என் வாழ்நாளில் பிடித்திருக்கக்கூடிய மிகப் பெரிய பிரவுன் ட்ரவுட் ஃப்ளையை எடுத்தது. தண்ணீருக்கு அடியில் பித்தளைத் தாம்பாளம் ஒன்று சாய்ந்து திரும்பியது மாதிரி ஒரு மினுக்கு. பாறைகளுக்குள் போய்விடுமே என்ற பயத்தில் திருகை இறுக்கினேன். ஒரே இழுப்பு, டிப்பெட் பட்டென்று அறுந்தது. லைன் வெறுமனே திரும்பி வந்து என் மார்பில் விழுந்தது. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஓட விட்டிருக்க வேண்டும். அவ்வளவு மெல்லிய இழைக்கு, மீன் ஓடட்டும் என்று விட்டுப் பின்னாலேயே கரையோரமாக நடந்திருக்க வேண்டும்.

சரி, இந்த ஏப்ரலுக்கு வருகிறேன். பாறைக்குப் பின்னால் இருந்த மீன் திரும்பிப் போன பிறகு, பெரியவர் அதற்குப் பத்து நிமிடம் ஓய்வு கொடுக்கச் சொன்னார். தெர்மாஸிலிருந்து காபி குடித்தோம். ஊரில் ட்ரவுட் உண்டா என்று கேட்டார், நீலகிரி ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட மீன்கள் உண்டு, அவலாஞ்சியில் அவர்கள் காலத்துக் குஞ்சு பொரிப்பகமே இருக்கிறது என்றேன், ஆச்சரியப்பட்டார். அப்புறம் ரீலின் திருகை நானே இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். இரண்டடி மேலே தள்ளி நின்று வீசினேன், லைன் விழுந்த கையோடு மடித்துப் போட்டேன், கோலின் நுனியைத் தாழ்த்தித் தண்ணீருக்கு இன்னும் கொஞ்சம் லைன் கொடுத்தேன். ஃப்ளை ஒரு சுழலுக்குள் போய் நின்று, அரைச் சுற்று சுற்றி, தன்பாட்டுக்கு இறங்கி வந்தது. மூக்கு வெளியே வந்தது.

பதினைந்து அங்குலம் இருக்கலாம், ரெயின்போ, விலாவில் ரோஸ் நிறப் பட்டை. மூன்று தடவை ஓடியது, மூன்று தடவையும் ரீல் கீச்சிட்டுக்கொண்டே விட்டது. வலைக்குள் வந்ததும் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுத்தேன்.

கிளம்பும்போது பெரியவர் சொன்ன ஒன்று இன்னும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜூனில் சாயங்காலங்களில் கேடிஸ் பூச்சிகள் வரும்போது இத்தனை நாள் சொன்னதையெல்லாம் தலைகீழாக மாற்ற வேண்டுமாம். அவை முட்டையிடும்போது தண்ணீர் மேல் துள்ளித் துள்ளி ஓடும், அதனால் ஃப்ளையையும் வேண்டுமென்றே இழுக்க வேண்டும், கோடு கிழிய வேண்டும், அந்தக் கோட்டைத் துரத்திக்கொண்டுதான் மீன் வரும் என்றார். எவ்வளவு இழுக்க வேண்டும் என்று கேட்டேன். வா, காட்டுகிறேன் என்றார். ஜூன் இரண்டாவது சனிக்கிழமைக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.