பிரெஸ்டன் நாட்குறிப்பு: புது ஏரியாவில் முதல் வாரம்

30 அக்டோபர் 2024, புதன்

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் (மார்மன் சபை) ஊழியர்களுக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும் இடமாற்ற நாள். இங்கிலாந்தின் வடமேற்கில் இருக்கும் பிரெஸ்டனில் ஒரு எல்டர் (ஆண் ஊழியர்) ரயிலேறுகிறார், இன்னொருவர் இறங்குகிறார். இளைஞர்கள் 18 வயதிலிருந்து 24 மாதம், பெண் ஊழியர்களான சிஸ்டர்கள் 18 மாதம் ஊழியம் செய்கிறார்கள். அந்தக் காலத்தில் ஊழியம் செய்யும் பகுதிகள், அதாவது ஏரியாக்கள், பல மாறும். தனியாக இருக்கக் கூடாது என்பதால் ஜோடி மாறுவதுகூட ஸ்டேஷனில் ஆள் பார்த்துத்தான்.

கிளம்புகிறவரிடம் கேட்டு வாங்க வேண்டியவை: வீட்டுச் சாவி, மின்சார மீட்டரின் ப்ரீபெய்டு சாவி, இந்த வாரம் யாருக்கு எந்த நேரம் சொல்லியிருக்கிறது என்ற விவரம். கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு யாரும் போகவில்லையென்றால் அந்த வீட்டில் மறுபடி உட்காருவது சிரமம். ஆள் மாறிய செய்தி அவர்களுக்கு எப்படித் தெரியும்? சபை தன்னை மறந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

வீட்டில் முதல் வேலை புகை அலாரத்தையும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் பொத்தானை அழுத்திச் சோதிப்பது. கேஸ் பாய்லர் உள்ள வீட்டில் இரண்டாவது அலாரம் உயிர் காக்கும். பாய்லர் குளிர்ந்திருக்கும்போது அழுத்தமானி 1 முதல் 1.5 பார் காட்ட வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் சூடு வராமல் போகலாம். ஈரத் துணியை ரேடியேட்டர் மேல் போட்டு ஜன்னலைச் சாத்தி வைத்தால் ஒரே மாதத்தில் சுவரில் பூஞ்சை வரும். நனைந்த தோல் ஷூவை அங்கே வைத்தால் வெடித்துவிடும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து ரேடியேட்டரிலிருந்து தள்ளி வையுங்கள்.

31 அக்டோபர், வியாழன்

போன ஞாயிறுதான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்தார்கள். ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. இன்று ஹாலோவீன் வேறு. குழந்தைகள் வீடு வீடாக இனிப்பு கேட்டு வரும் இரவில் அந்நியர் இருவர் கதவைத் தட்டுவது சரியில்லை. குஜராத்தி இந்துக் குடும்பங்களும் உள்ள ஊர் இது, அவர்களுக்கும் தீபாவளி. மாலை முழுவதையும் வாரத் திட்டத்துக்கு ஒதுக்கலாம்.

திட்டமிடல் ஏரியா புக்கில், அதாவது சந்திக்கும் ஆட்களைப் பற்றிய பதிவேட்டில், தொடங்குகிறது. முன்பு தடித்த ஃபைலாக இருந்தது, இப்போது போனில் செயலி. வரிசை முக்கியம்: ஞானஸ்நானத் தேதி குறித்தவர்கள், ஞாயிறு ஆராதனைக்கு வந்தவர்கள், அண்மையில் ஞானஸ்நானம் பெற்ற புது உறுப்பினர்கள், இடையில் வருவதை நிறுத்தியவர்கள். புது ஆட்களைத் தேடுவது இவர்களுக்கெல்லாம் பிறகு. உற்சாகமான புது எல்டர்கள் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் போன வருடம் சேர்ந்தவர் இந்த வருடம் காணாமல் போகிறார்.

“நல்ல குடும்பம், ஆர்வம் உண்டு” என்ற குறிப்பை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எந்தப் பாடம் முடிந்தது, என்ன கேள்வி கேட்டார், சபையின் வேதநூலான மார்மன் புஸ்தகத்தில் எந்த அதிகாரம் படிப்பதாகச் சொன்னார், சபையில் யாரைத் தெரியும், எந்த பஸ், எந்தக் கிழமை வேலைக்குப் போகிறார் என்று எழுத வேண்டும். வர வேண்டாம் என்றவரை அப்படியே குறித்துவைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை. அடுத்து வருபவர் அதே கதவைத் தட்டக் கூடாது.

1 நவம்பர், வெள்ளி

வார்டின் (உள்ளூர்ச் சபையின்) தலைவரான பிஷப்பையும் அங்கே ஊழியப் பணியைக் கவனிக்கும் மிஷன் தலைவரையும் பார்க்கும் நாள். யாரையாவது அறிமுகம் செய்து வையுங்கள் என்று போனவுடன் கேட்பது பயன் தராது. யாருக்கு உடம்பு சரியில்லை, எந்த வீட்டில் சாமான் மாற்ற ஆள் வேண்டும் என்று கேட்டுப் போய் வேலை செய்தால் அறிமுகங்கள் தாமாக வரும்.

ஆங்கிலேயர் வீட்டில் உட்கார்ந்ததும் டீ வரும். சபையின் உடல்நல விதியான ஞான வார்த்தைப்படி டீ, காபி, மது, புகையிலை கிடையாது. “வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் உபசரிப்பவர் முகம் வாடும். “டீ குடிப்பதில்லை, ஒரு தம்ளர் தண்ணீர் கிடைக்குமா?” என்று கேட்டு வாங்கிக் குடிப்பது நல்லது. மூலிகைத் தேநீருக்குத் தடை இல்லை. பெண் ஒருவர் தனியாக இருக்கும் வீட்டுக்குள் எல்டர்கள் போகக் கூடாது. வேறொரு நாள் சபைச் சகோதரி ஒருவருடன் வருவதாகச் சொல்லி வாசலிலேயே விடைபெற வேண்டும்.

2 நவம்பர், சனி

தெருவில் வரிசை வீடுகள். பல வாசல்கள் நேராக நடைபாதையில் திறக்கின்றன. தட்டியபின் இரண்டடி பின்னால் வந்து, இருவர் முகமும் தெரியும்படி நில்லுங்கள். விரலைத் தபால் துளைக்குள் விடாதீர்கள், உள்ளே நாய் இருக்கலாம். விற்பனையாளர் வரக் கூடாது என்ற பலகை இருந்தால் தாண்டிப் போய்விடுங்கள். புத்தகங்களை பிளாஸ்டிக் உறையில் வையுங்கள்; லங்காஷயர் மழைக்குத் துணிப்பை தாங்காது.

பாடம் அரை மணி நேரம் போதும். சபை உறுப்பினர் ஒருவர் உடன் இருந்தால் இன்னும் நல்லது. எல்டர்கள் போய்விடுவார்கள், அந்த உறுப்பினர் இதே ஊரில் இருப்பார்.

3 நவம்பர், ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு, உபவாச நாள். உணவும் தண்ணீரும் இல்லாமல் ஏறக்குறைய 24 மணி நேரம். மிச்சமாகும் உணவுப் பணம் ஏழைகளுக்கான காணிக்கை. புதிதாக வருபவரிடம் உபவாசத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

2019 ஜனவரியிலிருந்து ஞாயிறு கூட்டம் இரண்டு மணி நேரம்தான். வருபவருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியவை: அப்பமும் தண்ணீரும் தட்டில் வரும், விருப்பமில்லையென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடலாம், காணிக்கைத் தட்டு வராது, உபவாச ஞாயிறு என்பதால் பிரசங்கத்துக்குப் பதில் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்வார்கள். ஞாயிறு காலை பஸ் குறைவு. யார் காரில் யார் வருவது என்பதைச் சனி இரவே உறுதி செய்யாவிட்டால் நாற்காலி காலியாகத்தான் இருக்கும்.

4 நவம்பர், திங்கள்

ஆயத்த நாள். துணி துவைப்பு, மளிகை, முடிவெட்டு, வீட்டுக்கு வீடியோ அழைப்பு. மாலை ஆறு மணிக்கு மறுபடி ஊழியம். வாரந்தோறும் வீட்டுக்குப் பேசும் அனுமதி 2019 பிப்ரவரியில்தான் வந்தது.

நேரம் இருந்தால் ஏவன்ஹாம் பூங்காவுக்குப் போங்கள். பூங்காவின் ஓரமாக ஓடும் ரிப்பிள் ஆற்றில்தான் 1837 ஜூலை 30 அன்று பிரிட்டனில் இந்தச் சபையின் முதல் ஞானஸ்நானங்கள் நடந்தன. ஒன்பது பேர். முதல் ஆளாக வேண்டும் என்று கரைக்கு ஓடி ஜெயித்தவர் ஜார்ஜ் வாட். அமெரிக்காவிலிருந்து ஊழியத்துக்கு வந்த ஹீபர் கிம்பலும் கூட வந்தவர்களும் லிவர்பூலில் இறங்கி அப்போது ஏறக்குறைய பத்து நாள்தான் ஆகியிருந்தது. 1838 ஏப்ரலில் கிம்பல் அமெரிக்கா திரும்பும் முன் ஜோசப் ஃபீல்டிங்கைத் தலைவராகவும் வில்லர்ட் ரிச்சர்ட்ஸ், வில்லியம் கிளேட்டன் இருவரையும் துணைவராகவும் நியமித்துவிட்டுப் போனார். ஆற்றங்கரைக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். என் மதிப்பில் அந்தப் பொறுப்பு ஒப்படைப்பும் அதே அளவு பெரிய காரியம். பிரெஸ்டனில் சபை இன்றுவரை அறுபடாமல் கூடிவருகிறது.

5 நவம்பர், செவ்வாய்

காலையில் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில், அதாவது அருகருகே உள்ள ஏரியாக்களின் ஊழியர்கள் கூடும் கூட்டம். ஆண்டுதோறும் நவம்பர் 5 அன்று வரும் கை ஃபாக்ஸ் (Guy Fawkes) இரவு, ஊரெங்கும் வெடி, வெளிவேலையைச் சீக்கிரம் முடிப்பது நல்லது.

ஞானஸ்நானத் தேதி குறித்தவர் இருந்தால் இன்றே ஏற்பாடு தொடங்க வேண்டும். நேர்காணலைப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் நடத்தக் கூடாது, டிஸ்ட்ரிக்ட் தலைவர் நடத்துவார். வெள்ளை உடைக்கு உயரமும் இடுப்பளவும் கேளுங்கள். ஞானஸ்நானத் தொட்டி நிரம்ப மணிக்கணக்கில் ஆகும்; நிரப்பத் தொடங்கியது முதல் வடித்துப் பூட்டும்வரை பொறுப்பான பெரியவர் ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும், ஏனென்றால் குழந்தைகள் தவறி விழலாம். முழுவதும் மூழ்குகிறாரா என்று பார்க்கச் சாட்சிகள் இருவர். விரலோ உடையின் நுனியோ தண்ணீருக்கு மேலே நின்றால் மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டும். ஞானஸ்நானம் பெறுபவரை முழங்காலை மடக்கச் சொன்னால் கால் மேலே எழும்பாது. முன்தினமே உலர்ந்த தரையில் ஒருமுறை செய்து காட்டுங்கள், நீச்சல் தெரியாதவருக்குப் பயம் தெளியும்.