கொம்புக்கு இடம்

11 வருடம் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குத் தமிழ் எடுத்தேன். அந்த 11 வருடமும் ஆசிரியர் அறையில் நான் அதிகம் சொன்ன வாக்கியம், "கீழ் வகுப்புல என்னதான் சொல்லிக்கொடுக்குறாங்களோ!" என்பதாகத்தான் இருக்கும். அப்புறம் ஒரு வருடம் இரண்டாம் வகுப்பு டீச்சர் மகப்பேறு விடுப்பில் போக, அந்த வகுப்பு என் தலையில் விழுந்தது. ஆறாம் வகுப்புக்கே எழுதச் சொல்லிக்கொடுத்தவளுக்கு இரண்டாம் வகுப்பு என்ன பெரிய விஷயம் என்றுதான் போனேன்.

முதல் வாரம் சொல்வதை எழுதுதல். "கொக்கு" என்றேன். முன் வரிசையில் ஒரு பையன் வாய்க்குள்ளேயே "கொ... கொ..." என்று சொல்லிப் பார்த்துவிட்டு 'க' எழுதினான். துணைக்கால் போட்டான். இப்போது அது 'கா'. தலையைச் சாய்த்துப் பார்த்தான். கொம்பு வேண்டும், அது 'க'வுக்கு முன்னால் வர வேண்டும் என்பது அவனுக்குத் தெரிகிறது. ஆனால் முன்னால் இருப்பது நோட்டின் ஓரக்கோடு. அழித்தான். மறுபடி "கொ" என்று சொல்லிக்கொண்டான், மறுபடி முதலில் 'க'வே வந்தது. மூன்றாவது தடவை அழிக்கும்போது தாளில் ஓட்டை விழுந்துவிட்டது. அந்த ஓட்டை வழியாகப் பின்பக்கத்துக் கோடு தெரிந்தது. நோட்டைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க அந்த ஓட்டைதான் மனதில் ஓடியது. 'கெ' என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது க், பிறகுதான் எ. எழுதும்போது எ-வுக்கான கொம்பு முதலில் வருகிறது. பின்னால் கேட்பதை முன்னால் எழுத வேண்டும். 'கொ' இன்னும் மோசம்: கேட்பது ஒரே ஒலி, எழுதுவது முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நமக்கெல்லாம் கை பழகிவிட்டதால் இது ஒரு விஷயமாகவே தெரிவதில்லை. ஆறாம் வகுப்பு நோட்டுகளில் 'கெ', 'கே', 'கொ' குழப்பங்களுக்கு வருடக்கணக்காகச் சிவப்பு வட்டம் போட்டேனே, ஒரு பிள்ளை அதை எழுதுவதை ஒருநாளாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேனா? முடிந்துபோன எழுத்தைத்தான் பார்த்திருக்கிறேன். எழுதும் கையைப் பார்த்ததில்லை.

மறுநாள் வகுப்பில் ஒரு பழக்கம் கொண்டுவந்தேன். எழுதுவதற்கு முன் சொல்லைச் சொல்லிப் பார்க்க வேண்டும். எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஒலி கேட்டால், ஒரு விரல் அகலம் கொம்புக்கு இடம் விட்டுவிட்டு எழுத வேண்டும். விரலை நோட்டில் வைத்தே அளந்தார்கள். வேலை செய்தது.

இந்த இடத்தில் ஒரு சின்ன ஆறுதலும் உண்டு. குறில் எ-வுக்கும் நெடில் ஏ-வுக்கும் இன்று நாம் போடும் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வேறுபாடு 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொண்டுவந்தது என்பார்கள். அதற்கு முன் குறிலுக்குப் புள்ளி வைப்பது இலக்கணம். ஓலையில் பெரும்பாலும் புள்ளியே வைக்க மாட்டார்கள், இடம் பார்த்துப் படித்துக்கொள்வார்கள். ஆக, 'தேன்' என்பதை 'தென்' என்று எழுதிக் கொண்டுவரும் பிள்ளை ஓலைச்சுவடிக் காலத்தில் பிறந்திருந்தால் அதற்கு முழு மதிப்பெண். என் அம்மா இன்னமும் 'லை', 'னை' எல்லாம் யானைத் தும்பிக்கை போட்டுத்தான் எழுதுவார். தமிழ்நாட்டு அரசு 1978இல் அதை மாற்றிவிட்டது என்று எத்தனை தடவை சொன்னாலும், "மாத்துனா மாத்திக்கட்டும்" என்பார். அவர் எழுதிய ஒரு கடிதத்தை வகுப்புக்குக் கொண்டுபோனேன். பிள்ளைகள் தும்பிக்கைகளை எண்ணினார்கள்.

இன்னொரு விஷயம் சுவரில் தொங்கும் அட்டவணை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. பிள்ளைகள் க, கா, கி, கீ என்று ராகம் போட்டு அழகாகச் சொல்வார்கள். நடுவில் 'தை'யைத் தொட்டுக் காட்டி இது என்ன என்று கேளுங்கள். த, தா, தி, தீ என்று முதலிலிருந்து விரல் விட்டுக்கொண்டே வந்து, அந்த இடத்தில் நின்று, "தை!" என்பார்கள். பாட்டு தெரியும், எழுத்து தெரியாது. எனக்குப் பிடித்த வழி ட, ப, ம மூன்றிலிருந்து தொடங்குவது. வளைவு நெளிவு குறைவான எழுத்துகள். கூடவே ஒரு புள்ளியைக் கொடுத்துவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். 247இல் கைவிரலுக்குள் அடங்கும் எழுத்துகளை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை சொல்லைப் படித்துவிடுகிறது. அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

உகரம்தான் என்னைப் படுத்தியது. ஆகாரத்துக்கு எல்லா எழுத்துக்கும் ஒரே துணைக்கால். உகரத்துக்கு வந்தால் 'கு' ஒரு மாதிரி, 'சு' ஒரு மாதிரி, 'து' ஒரு மாதிரி. கடைசியில் வரிசையை விட்டுவிட்டு, சு-பு-வு-யு ஒரு கூட்டம், கு-டு-மு-ரு ஒரு கூட்டம், து-நு-று-னு ஒரு கூட்டம் என்று பிரித்துக் கொடுத்தேன். இதை முந்தைய டீச்சர் எப்போதிலிருந்தோ இப்படித்தான் செய்து வந்திருக்கிறார் என்று பிற்பாடு தெரிந்தது. "என்னதான் சொல்லிக்கொடுக்குறாங்களோ" என்று நான் கேட்டது அவரைத்தான்.

வாசிப்பிலும் ஒரு நாள் ஏமாந்தேன். ஒரு பெண் தங்குதடையின்றிப் பாடம் வாசிக்கும். நானும் வாய்நிறையப் பாராட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சும்மா விளையாட்டாக வரியின் மேல் உள்ளங்கையை வைத்தேன். அது வாசித்துக்கொண்டே போனது. பக்கம் முடிகிற இடத்தில் சரியாகத் தாளையும் திருப்பியது! அன்றிலிருந்து வாசிக்கச் சொன்னால் வரியின் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி நாலு சொல் கேட்பேன். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, எனக்கு அது சோதனை.

அடுத்த வருடம் ஏழாம் வகுப்புக்குத் திரும்பினேன். அங்கே சிக்கல் வேறு. மழை நாளைப் பற்றி எழுதச் சொன்னதில் ஒரு பையன், "நேத்து மழ பேஞ்சுது. நனஞ்சுக்கிட்டே வந்தேன். அம்மா திட்டுச்சு" என்று எழுதியிருந்தான். "நேற்று மழை பெய்தது. நனைந்துகொண்டே வந்தேன். அம்மா திட்டினார்" என்று திருத்திக் கொடுத்தேன். நோட்டைப் பார்த்துவிட்டு, "எங்க அம்மா இப்படித் திட்டல, டீச்சர்" என்றான்.

சரிதானே. பேசுவது ஒரு தமிழ், எழுதுவது இன்னொரு தமிழ் என்பதை எந்தப் பிள்ளைக்கும் நாம் உட்கார வைத்துச் சொல்வதில்லை. பிழை என்று மட்டும் சொல்கிறோம். அதன் பிறகு நோட்டில் இடது பக்கம் பேசுகிற மாதிரியே எழுதச் சொன்னேன். அங்கே என் பேனா வராது. வலது பக்கம் அதையே புத்தகத் தமிழில் மாற்ற வேண்டும். திட்டு மட்டும் மேற்கோள் குறிக்குள் அப்படியே வரலாம். முன்னுரை, முடிவுரையோடு மனப்பாடக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தவர்கள் இடது பக்கத்தை நிரப்பித் தள்ளினார்கள். எனக்கு இடது பக்கம் படிக்கத்தான் ஆசையாக இருக்கும்.

மாற்றிப் பழகியதில் விதிகளையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். நேத்து நேற்று, காத்து காற்று, மாத்து மாற்று. "டீச்சர், நாம 'த்து' சொன்னா புக்குல 'ற்று'!" என்று ஒரு பெண் எழுந்து நின்று அறிவித்தது. கைதட்டினோம். அடுத்த வாரம் அதே பெண்ணின் நோட்டில் 'பற்று ரூபாய்', 'முற்று மாலை'. வட்டம் போடப் போன கை நின்றுவிட்டது. கவனக்குறைவில் வந்த பிழையா இது? கண்டுபிடித்த விதியை நம்பி எழுதியிருக்கிறது. பேச்சிலும் எழுத்திலும் 'த்து' மாறாமல் நிற்கிற சொற்களைத் தேடச் சொன்னேன். பத்து, முத்து, சொத்து, கொத்து என்று பலகை நிரம்பியது.

சொல்ல மறந்துவிட்டேன், அந்த ஓட்டை நோட்டுப் பையன். இடம் விடச் சொல்லிக்கொடுத்த சில நாளில் "படம்" எழுதச் சொன்னேன். ஓரக்கோட்டிலிருந்து ஒரு விரல் தள்ளி 'ப'. அதிலிருந்து ஒரு விரல் தள்ளி 'ட'. இன்னொரு விரல் தள்ளி 'ம்'.

"இதுல ஏதுடா கொம்பு?" என்றேன்.

"வந்தாலும் வரும், டீச்சர்" என்றான்.