ரப்பரைக் கழற்றியதும் டிரைவ் நேராகப் போகிறது

ஒருவழியாக அக்கா மகன் டிரைவாக முன்னால் தள்ளி அடித்த பந்து தரையோடு, பவுலருக்குப் பக்கத்தில் இருக்கும் மிட்-ஆஃப் பக்கம் போனது. வலது கை ஆட்டக்காரன், தெருவில் டென்னிஸ் பந்தில் பழகியவன், அதனால் கைப்பிடியில் கீழே இருக்கும் வலது கைதான், அந்தக் கீழ் கைதான் எல்லாம். எதை அடித்தாலும் பேட்டின் முகம் மூடிக்கொண்டு, கால் பக்கம் மிட்-விக்கெட்டில் கேட்ச்.

இரண்டு கையிலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விழும் 'வி' பேட்டின் முதுகு மேட்டுக்கும் வெளி விளிம்புக்கும் நடுவே வர வேண்டும் என்பது அவனுக்கே தெரியும். பேட்டைத் தரையில் கிடத்தி, கோடாலியை எடுப்பதுபோல எடு என்றால் அழகாக எடுப்பான். பந்து வரும் நேரத்தில் வலது உள்ளங்கை கைப்பிடியை முழுசாக விழுங்கிவிடும். "சச்சினும் கீழேதானே மாமா பிடிப்பார்?" என்று வாதம் வேறு. சின்ன வயதில் அண்ணனுடைய பெரிய பேட்டில் ஆடியதால் அவருக்கு வந்த பிடிடா அது, உன்னுடையது சிறுவர்களுக்கான சைஸ் 5 தானே என்றேன். பதில் இல்லை.

கோளாறு கைப்பிடியில்தான் இருந்தது. கடையில் பழைய ரப்பரைக் கழற்றாமல் அதன் மேலேயே இன்னொன்றை ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். பெரியவர்களில் பலர் அப்படிக் கேட்டு வாங்குவார்கள், சரி. இவனுடைய விரல்களோ சுற்றி வரவே எட்டவில்லை. மேல் கையின் கடைசி மூன்று விரல்களுக்குப் பிடிமானம் இல்லாததால், கீழ் கை வேலையைப் பிடுங்கிக்கொண்டது.

இரண்டையும் கீறி எடுத்தேன் (கைப்பிடி நூலில் பிளேடு படக்கூடாது). அதற்குப் பதில் மெல்லிய செவ்ரான் ரப்பர் ஒன்று, 'வி' வடிவ வரிகள் போட்டது. உள்ளே பவுடர் தூவி, கூம்பு வடிவ மரக் கோனில் சுருட்டி ஏற்றி, கோனைக் கைப்பிடி உச்சியில் வைத்துத் தள்ளினால் இறங்கிவிடும். இறங்குவது பெரிதில்லை, விரியும்போது முறுக்கிக்கொள்வதுதான் வம்பு. பையன் அந்த வரியைப் பார்த்துத்தான் கையை வைக்கிறான். வரி சாய்ந்தால் கையும் சாயும். அதனால் மறுபடி மேலே சுருட்டி, கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, ஒவ்வொரு விரற்கடைக்கும் நிறுத்திப் பார்க்க வேண்டியிருந்தது. அப்புறம் அடிமுனை. மிச்ச ரப்பர் மடிந்து வளையமாக நிற்கும், அதுவும் கீழ் கை ஆள்காட்டி விரல் உட்காரும் இடத்திலேயே. அதை இழுத்துச் சமன்செய்து, மீதியை வெட்டி, இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று சுற்றினேன். இப்போது வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மட்டும் லேசாகப் பிடிக்கின்றன.

2007 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இலங்கைக்கு எதிராக ஆஸ்திரேலியாவின் கில்கிறிஸ்ட் 104 பந்தில் 149 அடித்தாரே, அன்று கீழ் கை கிளவுஸுக்குள் ஒரு ஸ்குவாஷ் பந்து வைத்திருந்தார். இதைச் சொன்னதிலிருந்து தனக்கும் வேண்டும் என்கிறான். இவன் கிளவுஸுக்குள் விரல் போவதே பெரும்பாடு!

அடுத்து சைஸ் 6. மீரட்டில் செய்ததோ ஜலந்தரில் செய்ததோ, காஷ்மீர் வில்லோ மரமே போதும், எப்படியும் சீக்கிரம் வளர்ந்துவிடுவான். வாங்கும்போது கைப்பிடி வட்டமா நீள்வட்டமா என்று முதலில் பார்க்கப்போகிறேன். நீள்வட்டம் என்றால் மேல் கை வழுக்கித் திரும்பாது. விற்பவர்கள் வில்லோவின் கோடுகளை எண்ணிக் காட்டுவார்களே தவிர, கைப்பிடியைப் பற்றி வாயே திறப்பதில்லை.

டிரைவ் தேறிவிட்டது, கட் அடிக்கும்போது மட்டும் கீழ் கை பழையபடி இறுக்குகிறது. அதற்காக மேல் கையால் மட்டும் பேட்டைப் பிடித்து, நான் போடும் அண்டர் ஆர்ம் பந்துகளை அடிக்கிறான். மணிக்கட்டு சீக்கிரம் சோர்ந்துவிடுவதால் கொஞ்ச நேரம்தான்.