ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்

9 ஜூன் 2025, திங்கள்

கடையைத் திறந்து ஜெராக்ஸ் மெஷினைப் போடுவதற்குள் சித்தப்பாவிடமிருந்து போன். "தம்பி, உச்சிப்புளி வரைக்கும் கொஞ்சம் வாயேன், வண்டியப் பிடிச்சிட்டாங்க." மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் கிடப்பதால் ஏப்ரலிலிருந்து அவர் நாட்டுப்படகுக்காரர்களிடம் மீன் எடுத்து, வண்டியில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு ராமநாதபுரம் பக்கம் விற்கப் போகிறார். நான் தங்கச்சிமடத்தில் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார், பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணி சொட்டிக்கொண்டிருந்தது.

ஹெல்மெட் போட்டிருக்கிறார். ஆர்.சி. புக் இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது, புகைச் சான்றிதழ்கூட இருக்கிறது. லைசென்ஸ் மட்டும் மே 31-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பத்து நாள்கூட ஆகவில்லை. அபராதம் 5000 ரூபாய்.

எஸ்.ஐ. ஒன்றும் மோசமான ஆள் இல்லை, மரியாதையாகத்தான் பேசினார். "மெஷின்ல நம்பர் போட்டா இதான் வருது, நான் குறைக்க முடியாதுண்ணே." லைசென்ஸ் உள்ள ஆள்தான் வண்டியை எடுக்கணும் என்றதால் நான் ஓட்டிவந்தேன். மீனை அங்கேயே ஒரு ஓட்டல்காரருக்குக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டார். ஊளி மீன், நல்ல ஊளி, அந்த விலைக்குப் போயிருக்க வேண்டியதில்லை.

10 ஜூன், செவ்வாய்

நேற்று ராத்திரி முழுக்கச் சித்தப்பா ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "லைசென்ஸ் 2006-ல எடுத்தேன், இருபது வருஷம்னு சொன்னாங்க, அப்ப 2026 வரைக்கும் இருக்கணும்ல?" கணக்கு சரிதான், ஆனால் பாதிக் கணக்கு. அப்போதைய விதி இருபது வருஷம் அல்லது 50 வயது, இதில் எது முந்துகிறதோ அதுவரை. சித்தப்பாவுக்கு 50 முந்திக்கொண்டது.

அதிலும் பாருங்கள், அவர் பிறந்தது மழைக்காலத்தில், புயல் அடித்த வாரம் என்று அப்பத்தா சொல்லும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் 1-6-1975 என்று போட்டுவிட்டார். அந்தக் காலத்தில் எல்லாப் பிள்ளைக்கும் ஜூன் ஒன்றுதான்.

கார்டை வாங்கிப் பார்த்தேன். முப்பது வயசுச் சித்தப்பா, அடர்ந்த மீசை, கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை. தேதி இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தேய்ந்த தழும்பு, நகத்தால் தடவினால் மெழுகு மாதிரி உரிந்து வருகிறது. ஈரச் சட்டைப்பையிலேயே கிடந்த கார்டு வேறு எப்படி இருக்கும்.

முன்பு லைசென்ஸ் முடிந்த பிறகும் முப்பது நாள் செல்லும் என்று மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருந்தது. 2019 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். அதே திருத்தத்தில்தான் 500 ரூபாய் வரை என்று இருந்த அபராதம் நேராக 5000 ஆனது, தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து வசூலிக்கிறார்கள். இன்னும் ஊரில் பாதிப் பேர் அந்த முப்பது நாளை நம்பிக்கொண்டிருக்கிறார்கள், கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டுப் பார்த்தால் தெரியும்.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாமல் ரோட்டுக்கு வருகிறவனுக்கும் 5000, பத்தொன்பது வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டிவிட்டுத் தேதியைத் தவறவிட்டவருக்கும் அதே 5000. குடித்துவிட்டு ஓட்டினால் 10,000. அதில் சரிபாதிக் குற்றமா இது?

அப்புறம், வண்டி சித்தி பேரில் இருக்கிறது, மகளிர் குழுக் கடனில் வாங்கியது. லைசென்ஸ் இல்லாதவருக்கு வண்டி கொடுத்த குற்றத்துக்கு 180-ஆம் பிரிவில் உரிமையாளருக்கும் தனியாக 5000 போடலாம். போடவில்லை. இதை வீட்டில் யாரிடமும் நான் சொல்லவில்லை.

11 ஜூன், புதன்

சலான் மெசேஜ் சித்தி போனுக்கு வந்திருக்கிறது. அவருக்கு ஏற்கெனவே வாட்ஸப்பில் 'ஆர்டிஓ சலான்' என்று ஒரு ஏபிகே ஃபைல் வந்து, பக்கத்து வீட்டுப் பெண் அதைத் திறக்காதீங்க, பணம் போயிடும் என்று சொன்னதால் இதையும் திருட்டு மெசேஜ் என்று அழித்துவிட்டார். நல்லவேளை, அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பர் போட்டால் சலான் வந்துவிடும்.

12 ஜூன், வியாழன்

ராமேஸ்வரம் துறைமுகத்துக்கு ஒரு வேலையாகப் போனேன். வலைக்கு மணி கட்டுகிறார்கள், டீசல் கேன் உருளுகிறது, பெயிண்ட் வாடை. 14 ராத்திரியோடு தடை முடிகிறது. சித்தப்பாவும் அங்கேதான் இருந்தார், ஆனால் பேச்சு மட்டும் அபராதத்தைப் பற்றியே. தடைக்கால நிவாரணம் 8000, அதில் 5000 போய்விட்டது என்று ஒருவர் விடாமல் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

கூட இருந்த சேக்காளிகளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்களும் ஒரே வாத்தியாரிடம் சேர்ந்தவர்கள், அவர்களுக்கும் ஜூன் ஒன்று. சாயங்காலம் என் கடையில் நாலைந்து பேர் பையைத் துழாவிக்கொண்டு நின்றார்கள். மூன்று பேருக்கு முடிந்திருந்தது. அந்த மூன்று பேரும் வண்டியில்தான் வந்திருந்தார்கள்.

ஒருவர் மட்டும், "விட்டுத்தள்ளு, நாளன்னைக்குக் கடலுக்குப் போயிருவேன், கடல்ல யாரு லைசென்ஸ் கேக்கப் போறா" என்றார். அவருக்கு ஒன்று சொன்னேன்: அபராதத்தை விடுங்கள், லைசென்ஸ் முடிந்த நேரத்தில் யார் மேலாவது மோதிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தை உங்களிடம் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாம், அது ஐயாயிரத்தில் நிற்காது. அவர் சிரிப்பு நின்றது.

13 ஜூன், வெள்ளி

புதுப்பிக்க விண்ணப்பம் போட்டாயிற்று. 40 தாண்டியவர்களுக்கு டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ வேண்டும். டாக்டர் கண் பரிசோதனை செய்தபோது சித்தப்பா கடைசி வரி வரை படித்துவிட்டு, "இன்னும் கீழ இருந்தா காட்டுங்க" என்றாராம். விண்ணப்பக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். முடிவதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே போடலாம் என்றதும் என்னை ஒரு பார்வை பார்த்தார். முடிந்து ஒரு வருஷம் தாண்டியிருந்தால் திரும்ப எட்டுப் போட்டுக் காட்டியிருக்க வேண்டும், அந்த வகையில் பிழைத்தார். 50-இல் புதுப்பித்தால் 60 வயது வரை செல்லும். போன் நம்பரையும் ஏற்றிவிட்டேன், பழைய பதிவில் அது இல்லவே இல்லை.

சலானையும் கட்டியாயிற்று. நிவாரணப் பணம் முன்பே பள்ளிக்கூட ஃபீஸுக்குப் போய்விட்டதால் படகுக்காரரிடம் முன்பணம் வாங்கினார். அதைச் சித்தப்பா பங்கில் கழித்துக்கொள்வார்கள். முதல் தடவை கடலுக்குப் போகும்போது இறால் நன்றாக விழுந்தால் சீக்கிரம் தீரும், இல்லாவிட்டால் ஆடி வரை இழுக்கும் என்று சித்தி கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.