தோற்கப் போகிறவரின் ஏஜெண்டு

வாக்களிப்பு நாளன்று விடிகாலையிலேயே நான் தேடுகிற ஆள், இந்த ஊரில் தோற்றுவிடும் என்று எல்லாரும் சொல்கிற கட்சியின் ஏஜெண்டு. ஜெயிக்கிற கட்சிக்காரர் எப்படியும் வந்துவிடுவார், சீக்கிரமே வருவார், நாற்காலியையும் நல்ல இடமாகப் பார்த்துப் போட்டுக்கொள்வார். மற்றவர் வரவில்லை என்றால் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். காலியான பெட்டியைக் கவிழ்த்துக் காட்டி, மூடி, சீல் வைக்கிறோமே, அதை யாருக்காகச் செய்கிறோம்? சந்தேகப்படுகிறவருக்காகத்தானே. அவரே இல்லாத அறையில் எவ்வளவு ஒழுங்காக வேலை பார்த்தாலும் நாளைக்கு அதற்குச் சாட்சி சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

மலேசியாவில், நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ரந்தாவ் பக்கம் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ரப்பர் போய் செம்பனை வந்து, தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் காலியாகி, பிள்ளைகள் சிரம்பானுக்கும் கிள்ளானுக்கும் போய்விட்ட தோட்டப் பட்டணம் எங்களுடையது. தேர்தல் வந்தால் ஆசிரியர்களைத்தான் கூப்பிடுவார்கள். முதலில் வாக்குச்சாவடிக் கிராணியாக (எழுத்தராக) இருந்தேன், பிறகு கே.டி.எம். ஆனேன், அதாவது ஒரு சாலுரானுக்கு, ஓட்டுப் போடும் ஓர் அறைக்கு, பொறுப்பாளர். எங்கள் ஓட்டைத் தபாலில் முன்கூட்டியே போட்டுவிட்டு மற்றவர்கள் ஓட்டுக்குக் காவல் இருக்கப் போவோம்.

அறைக்குள் நடப்பதை வெளியில் இருப்பவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முதல் கிராணி ஐசியை, அதாவது அடையாள அட்டையை, வாங்கிப் பார்த்து, பெயரையும் எண்ணையும் சத்தமாக வாசிப்பார், பட்டியலில் ரூலர் வைத்துக் கோடு போடுவார், அதே நேரம் ஏஜெண்டுகளும் தங்கள் பட்டியலில் கோடு போடுவார்கள். இரண்டாவது கிராணி இடது கை ஆள்காட்டி விரலில் மை வைப்பார். மூன்றாவது கிராணி தாளைக் கொடுப்பார். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சத்தமான வாசிப்பு இருக்கிறதே, அதை நான் எந்தக் கிராணியும் குறைக்க விட்டதில்லை, மத்தியானத்துக்கு மேல் தொண்டை கட்டிப்போய் முணுமுணுக்க ஆரம்பிப்பார்கள், உடனே தண்ணீர் கொடுத்து மறுபடி சத்தமாகப் படிக்கச் சொல்வேன். செத்துப்போனவர் பெயரில் ஒருத்தர் வந்தால் பிடிபடுவது அந்த ஒரு நொடியில்தான். கணினிக்குத் தெரியாதது பக்கத்து லயத்தில் வளர்ந்த ஏஜெண்டுக்குத் தெரியும், இந்தப் பெயருக்குரிய ஆளுக்கு நான்தானே காரியத்துக்குப் போய் வந்தேன் என்று. தாள் கை மாறுவதற்கு முன்னால் அவர் ஆட்சேபம் சொல்லலாம். மாறிய பிறகு தடுப்பது கஷ்டம்.

மைக்குக்கூட ஒரு கதை உண்டு. 2008-ல் மார்ச் 8 தேர்தல், மார்ச் 4-ஆம் தேதி மை கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். 2013-ல்தான் முதல் முறை வைத்தோம், அப்புறம் அது கழுவினால் போய்விடுகிறது என்று நாடு முழுக்கப் புகார். விரல் காய்வதற்குள் அவசரமாகத் துடைக்கிறவர்களை நானே தடுத்து நிறுத்தியிருக்கிறேன்.

2018 மே 9 என் மனதை விட்டுப் போகாத நாள். நாடு விடுதலை அடைந்த பிறகு முதல் முறையாக மத்திய ஆட்சி மாறிய தேர்தல் என்று எல்லாருக்கும் அது ஞாபகம் இருக்கும். ரந்தாவ்காரர்களுக்கு வேறொன்றும் ஞாபகம் இருக்கும்: எங்களுக்குக் கிடைத்தது ஒரே தாள். ரெம்பாவ் நாடாளுமன்றத் தொகுதிக்கு மட்டும். ரந்தாவ் சட்டமன்றத்துக்குத் தாளே கிடையாது, ஏனென்றால் வேட்புமனுத் தாக்கல் நாளில் எதிர்க்கட்சியான கெஅடிலானின் வேட்பாளர் டாக்டர் ஸ்ரீராம் நுழைவு அட்டை இல்லை என்ற காரணத்துக்காக மனுக் கொடுக்கும் இடத்துக்குள் விடப்படவில்லை, அப்போது ஆட்சியில் இருந்த தேசிய முன்னணியின் முகமட் ஹசான் போட்டியின்றி வென்றதாக அறிவிக்கப்பட்டார். அன்றைக்கு ஒரு பாட்டி, தடி ஊன்றி வந்தவர், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னொரு தாளு எங்க டீச்சர்? போன தடவ ரெண்டு கொடுத்தீங்களே" என்று கேட்டார். "சட்டமன்றத்துக்குப் போட்டி இல்ல பாட்டி" என்பதற்கு மேல் அந்த அறையில் நான் ஒரு வார்த்தை பேச முடியாது. பேசவும் இல்லை. "போட்டி இல்லாம என்ன எலெக்‌ஷன்?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் கேட்டதைத்தான் பிறகு நீதிமன்றமும் கேட்டது என்று நினைக்கிறேன். 2018 நவம்பரில் தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றி செல்லாது என்றது, 2019 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது, ஏப்ரல் 13-ல் இடைத்தேர்தல் நடந்தது. ஜெயித்தவர் அதே முகமட் ஹசான்தான், 4,510 ஓட்டு வித்தியாசத்தில். ஆள் மாறவில்லையே, இதற்கு ஏன் இவ்வளவு செலவு என்று எங்கள் ஊர் சாப்பாட்டுக் கடையிலேயே பேசினார்கள். எனக்கு அந்தப் பேச்சு கொஞ்சமும் பிடிக்கவில்லை. முதல் தடவை எங்களில் ஒருத்தரையும் கேட்காமல் அவர் உறுப்பினர் ஆனார். இரண்டாவது தடவை பெட்டி திறந்து, எண்ணி, தோற்றவர்களின் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க ஆனார். இந்த இரண்டையும் ஒன்று என்று சொல்ல என்னால் முடியாது.

எண்ணுவதைப் பற்றி. முன்பெல்லாம் பெட்டிகளை ஒரே மையத்துக்குக் கொண்டுபோய் எண்ணுவார்கள், வழியில் என்ன நடந்தது என்ற சந்தேகம் எப்போதும் இருக்கும். இப்போது ஓட்டுப் போட்ட அதே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணுகிறோம். ஒவ்வொரு தாளையும் தூக்கி எல்லா ஏஜெண்டுக்கும் தெரிகிற மாதிரி பிடிக்க வேண்டும். தோட்டத்துப் பெரியவர்கள் தாளில் என்னென்னவோ செய்வார்கள். கட்டத்துக்குள் சரி போடுவார்கள், சின்னத்தின் மேலேயே கோடு போடுவார்கள், சில பேர் கையெழுத்தே போட்டுவிடுவார்கள், கையெழுத்துப் போட்டால்தான் செல்லும் என்று வாழ்க்கை முழுக்க அவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம் அல்லவா. எண்ணம் தெளிவாக இருந்தால் பெருக்கல் குறி இல்லாவிட்டாலும் ஏற்கலாம், ஆனால் போட்டவர் யார் என்று காட்டிக்கொடுக்கிற குறி இருந்தால் தள்ளித்தான் ஆக வேண்டும். யாருக்குப் போட்டார் என்று அவ்வளவு தெளிவாகத் தெரிகிற தாளைத் தள்ளுவது எனக்கு ஒவ்வொரு முறையும் வேதனையாக இருக்கும். ஏன் தள்ளுகிறேன் என்று காரணத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் வைப்பேன், ஏஜெண்டுகள் வாதாடினால் முழுசாகக் கேட்பேன், மறுபடி எண்ணச் சொன்னாலும் முகம் சுளிக்க மாட்டேன்.

முடிந்ததும் போராங் 14, எண்ணிக்கைப் படிவம். எந்த வேட்பாளருக்கு எத்தனை, செல்லாதவை எத்தனை என்று நிரப்பி, கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி கொடுக்க வேண்டும். ஒரு கட்சி தன் ஏஜெண்டுகளின் போராங் 14 எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் தொகுதி முடிவு அதன் கையிலேயே வந்துவிடும், மேலே யாரும் எண்ணை மாற்றிச் சொல்ல முடியாது. 2018-ல் அந்தத் தாளில் கையெழுத்து வாங்குவதற்குச் சில இடங்களில் பட்ட பாடு செய்திகளில் வந்தது.

இதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. சாலுரானை வயது வாரியாகப் பிரிக்கிறார்கள், மூத்தவர்கள் ஒன்றாம் எண்ணில், இளையவர்கள் கடைசி எண்ணில். 18 வயதில் ஓட்டுரிமை வந்த பிறகு நடந்த 2022 தேர்தலில், நான் ஒன்றாம் வகுப்பில் அ எழுத வைத்த பிள்ளைகள் கடைசி சாலுரானில் ஐசியோடு நின்றார்கள், பார்க்கப் பூரிப்பாக இருந்தது. ஆனால் அறைவாரியாக எண்ணுவதால் இந்த ஊரின் கிழவர்கள் யாருக்குப் போட்டார்கள், இளைஞர்கள் யாருக்குப் போட்டார்கள் என்று கட்சிகளுக்குத் தெரிந்துவிடுகிறது. சின்ன இடத்தில் அது பயமுறுத்தும். "எங்க ஓட்டு யாருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருமா?" என்று கேட்ட அம்மாக்கள் எத்தனையோ பேர். தனி ஆளாகத் தெரியாது என்று அடித்துச் சொல்வேன். கும்பலாகத் தெரியும் என்பதையும் மறைக்க மாட்டேன்.

வயிற்றைக் கலக்குகிற இன்னொன்று காசு. கேமரன் மலையில் 2018-ல் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) வேட்பாளர் வென்ற முடிவை, பூர்வகுடி கிராமத் தலைவர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்று தேர்தல் நீதிமன்றம் ரத்து செய்தது. சட்டம் 1954-லிருந்து இருக்கிறது. வழக்குப் போட முடிவு அரசிதழில் வந்ததிலிருந்து 21 நாள்தான் அவகாசம். அரிசி மூட்டை வாங்கிய தோட்டக் குடும்பம் எது வந்து சாட்சி சொல்லும்? அதை அறைக்குள் உட்கார்ந்திருக்கும் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது, அதே மாதிரி தொகுதி எல்லையையும். 2022-ல் பாங்கியில் 3 லட்சத்துக்கு மேல் வாக்காளர், சரவாக்கின் இகானில் 30 ஆயிரம்கூட இல்லை, இரண்டுக்கும் ஆளுக்கொரு எம்.பி. குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசியோடு இதே மண்ணில் கிழவியானவர்கள் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்து நிற்பதையும் ஒவ்வொரு தேர்தலிலும் பார்த்தேன். அவர்களுக்கு அந்தப் பட்டியலில் வரியே இல்லை.

இப்போது ஓய்வில் இருப்பதால் வாய்விட்டுப் பேசலாம். எங்கள் ஊரில் ஏஜெண்டு வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, கடைசி நாளில் யாரையாவது பிடித்து உட்கார வைக்கிறார்கள், அந்தப் பையன் சாப்பிடப் போனால் எண்ணும்போதுகூடத் திரும்பி வருவதில்லை. கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை சாயங்காலம் நான் இருப்பேன், மாதிரித் தாளும் மாதிரி போராங்கும் என்னிடம் இருக்கின்றன, எந்தக் கட்சிப் பிள்ளையானாலும் வரலாம்.