மிதந்த துளி

பிப்ரவரி 2, 2025, ஞாயிறு

இந்த மாத மடல் போய்விட்டது. 9 வீடு, 31 பேர். தாத்தா காலத்தில் அஞ்சலட்டையில் சுற்றியதை இப்போது நான் கைபேசியில் தட்டி அனுப்புகிறேன். யாருக்கு வீடு மாறியது, யாருக்குக் கால் சுளுக்கியது, எந்தக் குழந்தைக்குப் பல் முளைத்தது, எல்லாம் இருக்கும். கடைசிப் பத்தி எப்போதும் பொதுப்பணத்துக்கு. மாதாமாதம் அவரவரால் முடிந்ததைப் போட்டு, சேர்ந்ததை ஒரு நல்ல காரியத்துக்குக் கொடுத்துவிடுவோம். இந்த முறை ஒரு பெண்ணின் படிப்புச் செலவுக்கு.

கணக்கு வெளிப்படையாக இருக்கட்டுமே என்று, யார் எவ்வளவு போட்டார்கள் என்ற பட்டியலையும் சேர்த்தேன். பெரிய தொகை மேலே, சின்னது கீழே. ஒரு பொத்தானை அழுத்தினால் அதுவே அடுக்கிக் கொடுத்துவிடுகிறது. பார்க்க நன்றாக இருந்தது.

பிப்ரவரி 4, செவ்வாய்

பெரிய அத்தை காலையிலேயே கூப்பிட்டார். "ஏம்மா, அந்தக் கடைசி வரியை நீ பார்த்தியா இல்லையா?"

கடைசி வரியில் சின்னச் சித்தப்பா. பெயருக்கு எதிரே சைபர். நவம்பரிலிருந்து அவருக்கு வேலை இல்லை. "மடல்ல போட்டுடாதே" என்று என்னிடம்தான் சொல்லியிருந்தார். எழுத்தில் போடவில்லை. எண்ணில் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சித்தப்பா குழுவிலிருந்து விலகிவிட்டார். சண்டை இல்லை, கோபம் இல்லை, அவர் வெளியேறினார் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி மட்டும். இரண்டு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

பெரிய மாமா மட்டும் பட்டியல் நல்ல யோசனைதான் என்கிறார். பார்த்தால்தான் மற்றவர்களுக்கும் கொடுக்கத் தோன்றுமாம். இருக்கலாம். முதல் வரியில் இருப்பவர் அவர்.

மார்ச் 3, திங்கள்

அத்தை மகன் ஒரு செய்தியை அனுப்பினான். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்ற முதியவர் தம் 88-ஆவது வயதில், பிப்ரவரி 17 அன்று இறந்திருக்கிறார். 14 வயதில் மார்பில் பெரிய அறுவை சிகிச்சை. முகம் தெரியாதவர்களின் ரத்தத்தில்தான் பிழைத்தார். 18 வயதானதும் 1954-இல் தானும் கொடுக்க ஆரம்பித்து, 81 வயதில் நிறுத்தச் சொல்லும்வரை 1,173 முறை கொடுத்திருக்கிறார். அவர் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப் பகுதியில், அரிதான ஓர் எதிர்ப்பொருள் இருந்தது. அதிலிருந்துதான் ஆன்டி-டி ஊசிமருந்து செய்தார்கள். தாயின் ரத்த வகை நெகட்டிவ், வயிற்றுப் பிள்ளைக்குப் பாசிட்டிவ் என்றால், தாயின் உடம்பு பிள்ளையின் ரத்தத்தை அந்நியமாக நினைத்து எதிர்க்கப் பழகிக்கொள்ளும். அடி வாங்குவது பெரும்பாலும் அடுத்த பிள்ளைதான். அப்படிப் பழகவிடாமல் தடுப்பது அந்த ஊசி. அவருடைய சொந்த மகளுக்கே அது தேவைப்பட்டிருக்கிறது.

அரை மணி நேரம் யாரும் ஒன்றும் எழுதவில்லை. அப்புறம் அண்ணி எழுதினார்: "எனக்கும் பிரசவத்துல அந்த ஊசி போட்டாங்க. ஒரு மனுஷர் உடம்புல இருந்து வந்த மருந்துன்னு இன்னைக்குத்தான் தெரியும்."

மார்ச் 9, ஞாயிறு

இந்த வருஷம் பணத்தோடு ரத்தமும் என்று முடிவாகிவிட்டது. நாள், ஜூன் 14. ரத்த வகைகளைக் கண்டுபிடித்த கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1868-இல் பிறந்த நாள் அது. 2004 முதல் உலக ரத்த தான நாளாக இருக்கிறது.

எல்லோருடைய ரத்த வகையையும் கேட்டு எழுதினேன். இந்தப் பட்டியலில் மேல் கீழ் கிடையாது, வீட்டு வாரியாகத்தான். பெரியப்பா பி, பெரியம்மா ஏ. அவர்கள் பிள்ளைகள் நாலு பேரில் ஒருவருக்கு ஏ, ஒருவருக்கு பி, ஒருவருக்கு ஏபி, கடைசிக்கு ஓ. எங்கேயோ பிள்ளை மாறிவிட்டதாகப் பெரியம்மா பதறிப்போனார். ரத்த வங்கியில் வேலை பார்க்கும் அத்தை வீட்டு மருமகள்தான் விளக்கினாள். அப்பா அம்மா இருவரிடமும் ஓவுக்கான மரபுக்கூறு ஒன்று ஒளிந்திருந்தால் நாலு வகையும் பிறக்குமாம்.

சின்னச் சித்தப்பாவுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினேன். மன்னிப்பெல்லாம் கேட்டு நீளமாக எழுதி, அழித்து, கடைசியில் "உங்கள் ரத்த வகை என்ன சித்தப்பா?" என்று மட்டும் கேட்டேன். இரவு 10 மணிக்குப் பதில் வந்தது. "ஓ நெகட்டிவ்." ஒரு மாதத்துக்கு அப்புறம் அவரிடமிருந்து வந்த முதல் சொல்.

மார்ச் 23, ஞாயிறு

பெரியப்பாவுக்கு ஒரு சந்தேகம். ஊராருக்குக் கொடுத்துவிட்டால் நாளைக்கு நம் வீட்டு ஆளுக்கு என்ன செய்வது, நம் ரத்தம் நமக்கு என்று வைத்துக்கொள்ள வேண்டாமா?

மருமகள் சொன்ன பதிலில் எல்லோரும் வாயடைத்துப் போனோம். நெருங்கிய ரத்த உறவின் ரத்தத்தை அப்படியே ஏற்றுவதுதான் ஆபத்தாம். ஒட்டிய உறவு என்பதால், ஏற்றிக்கொண்ட உடம்பு அதிலுள்ள வெள்ளை அணுக்களை அந்நியம் என்று கண்டுகொள்ளாமல் விட்டுவிடக்கூடும். அவை உள்ளே பெருகி அந்த உடம்பையே தாக்கும். அரிதுதான், ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். அதனால் கதிர்வீச்சு கொடுத்துத்தான் ஏற்றுவார்கள். முன்பின் தெரியாதவர் ரத்தத்தில் அந்தப் பயம் மிகவும் குறைவு.

பெரியப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சொந்தக்காரங்களைப் பத்தி இதைத்தான் நான் நாற்பது வருஷமா சொல்லிட்டு இருக்கேன்" என்றார்.

மே 18, ஞாயிறு

வயது, எடை, மாத்திரை, சமீபத்திய அறுவை சிகிச்சை என்று கழித்துக்கொண்டே வந்ததில் மிஞ்சியது 14 பேர். போன மாதம் பச்சை குத்திக்கொண்ட தம்பி மகனும் அவுட்.

ஜூன் 14, சனி

நாங்கள் ஐந்து பேர் ஒரே ரத்த வங்கிக்குப் போனோம். மற்றவர்கள் அவரவர் இருக்கும் இடத்தில். சித்தப்பா எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். இளைத்திருக்கிறார்.

"வாங்க சித்தப்பா" என்றேன், நான்தான் அவருக்கு அப்புறம் வந்தவள் என்பதை மறந்து.

முதலில் விரல் நுனியில் குத்தி ஒரு துளி எடுத்தார்கள். மேஜையில் சின்னக் கண்ணாடிக் குவளை, அதில் நீல நிறத் திரவம். மயில்துத்தக் கரைசல். துளியைச் சற்று உயரத்திலிருந்து விடுகிறார்கள். 15 நொடிக்குள் நேரே அடிக்குப் போனால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் போதுமான அளவு, அதாவது 12.5-க்குக் குறையாமல், இருக்கிறது என்று அர்த்தம். சித்தப்பாவின் துளி கூழாங்கல் மாதிரி இறங்கி அடியில் உட்கார்ந்தது. அடுத்தது நான். என் துளியும் இறங்கத்தான் செய்தது. பாதியில் தயங்கி நின்றது. அப்புறம் மெதுவாக, யாரோ கூப்பிட்ட மாதிரி, மேலே வந்து மிதந்தது.

கருவியிலும் பார்த்தார்கள். 10.9. "நீங்க மத்தவங்களுக்குக் கொடுக்க வேண்டாம், முதல்ல உங்களைப் பாருங்க" என்றார் அந்தம்மா. மூன்று மாதமாக எல்லோரையும் விரட்டிக் கிளப்பியவள் நான்.

சித்தப்பா படுத்துக்கொண்டு ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் முக்காலியில். 450 மில்லி நிறைய 10 நிமிஷம்கூட ஆகவில்லை. அவசரத்தில் வகை பார்க்க நேரமில்லாதபோது யாருக்கு வேண்டுமானாலும் ஏற்றக்கூடிய சிவப்பணு ஓ நெகட்டிவ்தான் என்று மருமகள் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெர்மன் மொழியில் ஓ வகையின் பெயரே சைபர் என்றும் சொன்னாள். நான் தரையைப் பார்த்தேன். சித்தப்பா சிரித்துவிட்டார்.

கிளம்பும் முன் உள்ளே கண்ணாடி வழியாக ஒரு தட்டைக் காட்டினாள். பைகளை வைத்துத் தாலாட்டிக்கொண்டே இருந்தது. சிவப்பணுவைக் குளிரில் 42 நாள்வரை வைக்கலாம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குளிரில் வைப்பதில்லை, அறைச் சூட்டில் இப்படி ஆட்டிக்கொண்டே இருந்தாலும் 5 நாள்தான் என்றாள். சித்தப்பா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜூன் 15, ஞாயிறு

மடல் எழுத உட்கார்ந்தேன். 14 பேர் போனார்கள், 10 பேர் கொடுத்தார்கள், நாலு பேர் திரும்பினார்கள் என்று எழுதி நிறுத்தியிருக்கலாம். அந்த நாலில் நானும் ஒருத்தி, 10.9 என்றும் போட்டேன். பிப்ரவரியில் இன்னொருவர் சைபரை ஊருக்கே காட்டியவளுக்கு இதை மறைக்கக் கை வரவில்லை.

பொதுப்பணத்துக்கு இனி மொத்தத் தொகை மட்டும். பெரிய மாமாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

ஜூலை 6, ஞாயிறு

என் 10.9-ஐப் படித்துவிட்டு இரண்டு பேர் பரிசோதனைக்குப் போயிருக்கிறார்கள். அத்தை மகளுக்கு 9.2. மாடி ஏறினால் மூச்சு வாங்குவதை வயசு என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். வயசு 36. மூன்று பேரும் ஒரே இரும்புச்சத்து மாத்திரை. யார் இன்றைக்கு மறந்தார்கள் என்று இரவில் எங்களுக்குள் விசாரணை நடக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

சித்தப்பா காலையில் கூப்பிட்டார். "92 நாள் ஆச்சு. மூணு மாசம் இடைவெளி விட்டா போதுமாம். இன்னைக்குப் போறேன், நீ வர்றியா?"

எனக்கு இன்னும் 11.9 தான் என்றேன்.

"அப்ப முக்காலியில உட்காரு." கொஞ்ச நேரம் பேசவில்லை. "இந்த மாச மடல்ல என்னைப் பத்தியும் போடு. வேலை இன்னும் கிடைக்கலை, தேடிக்கிட்டு இருக்கேன்னு. ரெண்டு வரி போதும்."

இரண்டு வரியில் போட்டேன். பல் முளைத்த குழந்தைக்கும் பெரியம்மாவின் கண் கண்ணாடிக்கும் நடுவில்.